அப்பாவின் பதினோராவது படம்

எங்கள் வீட்டு இரும்பு பீரோவில், பத்திரங்களும் பழைய பாஸ்புக்குகளும் இருக்கும் தட்டில், பழுப்பேறிய ஓர் உறை இருக்கிறது. உள்ளே பன்னிரண்டு சதுரப் படங்கள். 1981-ல் அப்பா சோழவரம் ரேஸ் பார்க்கப் போனபோது எடுத்தவை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் அக்ஃபா கிளிக் 3 கேமரா இருந்தது. அதை ஒரு நாள் இரவல் வாங்கி, ஒரு ரோல் ஃபிலிம் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம்.

முதல் பத்தில் ரேஸ் என்று சொல்ல எதுவும் இல்லை. தோளில் கை போட்டு நிற்கும் நண்பர்கள், கூட்டத்தின் பின்னந்தலைகள், வைக்கோல் கட்டுகள், யாரோ விரித்த குடை. பதினோராவதில் ஒரு பைக். யெஸ்டி என்கிறார் அப்பா. ஓட்டுகிறவர் டேங்கோடு ஒட்டிக் குனிந்திருக்கிறார். அவருடைய ஹெல்மெட்டும் தோளும் தெளிவாக இருக்கின்றன. பின்னால் நின்ற கூட்டம் முழுவதும் குறுக்குக் கோடுகளாக இழுபட்டுக் கிடக்கிறது. பன்னிரண்டாவதில் அதே இடம், வெறும் ஓடுபாதை.

அந்தக் கேமராவில் ஷட்டர் வேகத்தை மாற்ற வழியே கிடையாது. உள்ளே இருந்தது ஒரே வேகம், அதுவும் மெதுவான வேகம். முதலில் இரண்டு மூன்று முறை பைக் வரும்போது அழுத்திப் பார்த்து ஏமாந்த அப்பா, கேமராவை பைக்கோடு சேர்த்துத் திருப்பியபடியே அழுத்தியிருக்கிறார். யாரும் சொல்லித்தரவில்லை. "அது ஓடுதுல்ல, நானும் கூடவே திரும்பினேன்" என்றுதான் இன்றும் சொல்வார். இதற்கு பேனிங் என்று பெயர் உண்டு என்பது எனக்கே 35 வயதுக்கு மேல்தான் தெரியவந்தது.

சோழவரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செங்குன்றம் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கம், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று கிடந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை ரேஸ் மைதானமாக்கியது. பல பத்தாண்டுகள் இந்திய மோட்டார் பந்தயத்துக்குத் தாய்வீடு அதுதான். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியதெல்லாம் அங்கேதான். கோயம்புத்தூர் கரிவரதன் தன் கைப்பட உருவாக்கிய கார்களோடு வந்து நின்றதும் அங்கேதான். அப்பா கதை சொல்லும்போது மல்லையாவைப் பற்றி ஒரு வரி சொல்வார். கரியைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் பேசுவார்.

பிறகு கிளப், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு டிராக் கட்டிக்கொண்டது. 1990-ல் திறந்தார்கள். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். நரேன் கார்த்திகேயன் தன் முதல் ரேஸை இங்கேதான், ஃபார்முலா மாருதி காரில், ஓட்டினார். முதல் ரேஸிலேயே மேடையேறினார். பிறகு 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2017 தொடக்கத்தில் மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் ஷூமாக்கர் இதே டிராக்கில் ஓட்டினார். 2019 பிப்ரவரியில் ஜேமி சாட்விக் என்ற பெண் எம்ஆர்எஃப் சேலஞ்ச் என்ற கார் பந்தயத் தொடரின் பட்டத்தை இங்கேதான் வென்றார். இத்தனை நடந்த இடம் சென்னையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. பெங்களூர் பஸ்ஸில் அந்தப் பக்கம் எத்தனையோ முறை போயிருக்கிறேன். உள்ளே போக எனக்கு இத்தனை வருடம் ஆனது.

முதல் தடவை போனபோது பாஸ் எதுவும் இல்லை, பார்வையாளர் பகுதியில்தான் நின்றேன். தேசிய பைக் பந்தயத்தின் ஒரு சுற்று. ஞாயிற்றுக்கிழமை காலை, பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. வண்டியை நிறுத்தும்போதே சத்தம் கேட்டது. 165 சிசி வண்டிகள் இருபது ஒன்றாகக் கிளம்பும் சத்தம் இரைச்சலாக இல்லை, தேனீக் கூட்டைக் கலைத்தது போல் ஒரு ரீங்காரம். கேமராவை எடுப்பதற்கு முன்பே கை கொஞ்சம் நடுங்கியது.

அன்று நான் எடுத்த படங்களில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. வேகமான பொருளுக்கு வேகமான ஷட்டர் என்று நினைத்து எல்லாவற்றையும் 1/2000 நொடியில் எடுத்தேன். படங்கள் கூர்மையாக இருந்தன. ஒரு பைக்கூட ஓடவில்லை. ஷோரூம் வாசலில் சாய்த்து நிறுத்திய வண்டி மேல் ஆள் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 120 கிலோமீட்டரில் போகும் பைக் ஒரு நொடியில் 33 மீட்டர் போகிறது. அதன் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அப்படியென்றால் நொடிக்குப் பதினேழு சுற்று. ஷட்டர் 1/2000 என்றால், அது திறந்து மூடுவதற்குள் சக்கரம் மூன்று டிகிரிதான் திரும்பியிருக்கும். கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். 1/125-க்கு வந்தால் ஐம்பது டிகிரி. 1/60-ல் நூறு டிகிரி. சக்கரம் அங்கேதான் சுழல ஆரம்பிக்கிறது. ஆனால் அதே 1/60-ல் பைக் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அந்த அரை மீட்டரை நம் இடுப்பு சரிக்கட்ட வேண்டும்.

பீரோவைத் திறந்து அந்த உறையை எடுத்தது அன்றைக்குத்தான்.

பேனிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எனக்கு இதைத் தமிழில் யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

பலரும் கையைத்தான் திருப்புகிறார்கள். கை திருப்பினால் கேமரா வில் மாதிரி மேலும் கீழும் வளைந்து போகும். இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். எந்த இடத்தில் பட்டனை அழுத்தப்போகிறோமோ அந்த இடத்தைப் பார்த்துக் கால்களை ஊன்றிக்கொள்ள வேண்டும். பைக் வரும் திசைக்கு இடுப்பை மட்டும் முறுக்கிப் பின்னால் போய், தூரத்திலேயே அதைப் பிடித்து, கூடவே அவிழ்ந்து வர வேண்டும். அழுத்தும் நேரத்தில் உடம்பு நேராக, எந்த முறுக்கும் இல்லாமல் இருக்கும். அழுத்திய பிறகும் நிற்கக் கூடாது. கிரிக்கெட்டில் பந்தை அடித்த பின்னும் மட்டை போய்க்கொண்டே இருக்கிறதே, அப்படி. பட்டனை அழுத்தியதும் உடம்பு தானாக நின்றுவிடப் பார்க்கும். என் படங்களில் பாதி அந்த நிறுத்தத்தில்தான் கெட்டுப்போயின.

எங்கே நிற்கிறோம் என்பது இதைவிட முக்கியம். நேர்ப்பாதைக்குப் பக்கத்தில் நின்றால், பைக் நம்மை நோக்கி வந்து, நம்மைக் கடந்து, விலகிப் போகிறது. சரியாக நமக்கு எதிரே வரும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே முழு வண்டியும் தெளிவாக விழும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் ஹெல்மெட் தெளிவாகவும் பின்சக்கரம் கலங்கியும் இருக்கும். வளைவின் உள்பக்கத்தில் நின்றால் கதை மாறுகிறது. செக்கு மாடு சுற்றும்போது நடுவில் நிற்பவரிடமிருந்து அதன் தூரம் மாறுவதில்லை அல்லவா, அதுபோல் பைக் நம்மைச் சுற்றியே போகிறது. தூரம் மாறாது, கோணம் மாறாது, ஃபோகஸ் தடுமாறாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் காட்டும் முதல் இடம் அப்படி ஒரு மெதுவான வளைவின் உள்பக்கம்தான். அங்கே 1/125-ல் தொடங்கி, கை பழகியதும் 1/80, அப்புறம் 1/60, தைரியம் வந்தால் 1/30.

பின்னணியையும் பார்க்க வேண்டும். வெறும் வானத்துக்கு எதிரே எவ்வளவு அழகாகத் திருப்பினாலும் கோடு விழாது. இழுபடுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். மரம், விளம்பரப் பலகை, வேலி, மனிதர்கள். அப்பாவின் படத்தில் அந்த வேலையைச் சோழவரத்துக் கூட்டம் செய்தது. இருங்காட்டுக்கோட்டையில் எனக்கு அந்தக் கூட்டம் கிடைப்பதில்லை. பலகைகளும் புதர்களும்தான். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார் பந்தயம் நடந்ததைப் பற்றி ஊரே பேசியது. அந்த ஓட்டுநர்கள் பலரும் ஓட்டிப் பழகும் இந்த டிராக்கைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நண்பகலில் 1/60 வைத்தால் வெளிச்சம் அள்ளிக்கொட்டும். லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை 16-க்கும் மேலே சுருக்க வேண்டிவரும். அவ்வளவு சுருக்கினால் சென்சாரில் ஒட்டிய தூசி அத்தனையும் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், படத்தின் கூர்மையும் குறையும். அதற்குத்தான் கறுப்புக் கண்ணாடி போன்ற என்டி ஃபில்டர். அது வாங்கிய பிறகுதான் பகல் நேரத்தில் என்னால் பேனிங் செய்ய முடிந்தது. ஆனால் கானல் அலைக்கு எந்தக் கண்ணாடியும் உதவாது. பத்து மணிக்கு மேல் தார் கொதிக்க ஆரம்பித்ததும், 300 மில்லிமீட்டர் லென்ஸில் நேர்ப்பாதையின் கோடியைப் பார்த்தால் பைக்குகள் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் நெளியும். ஃபோகஸ் சரியாகவே இருக்கும், படம் குழம்பியிருக்கும். அந்த நேரத்தில் தூரத்துப் படங்களை விட்டுவிட்டுப் பக்கத்தில் வருவதை மட்டும் எடுப்பேன். காலை பயிற்சி ஓட்டமும், நான்கரை மணிக்கு மேல் நடக்கும் கடைசி ரேஸ்களும்தான் என் நேரம். சாயங்கால வெயில் ஹெல்மெட் கண்ணாடிக்குள் சாய்வாக நுழையும்போது ஓட்டுகிறவரின் கண் தெரியும். அந்தக் கண்ணுக்காகத்தான் அத்தனை வெயிலில் நிற்பது.

மூன்றாவது தடவைக்கு முன்னால், நடத்துபவர்களுக்கு எழுதிக் கேட்டு, எடுத்த படங்களை அனுப்பி, டிராக் ஓரம் நிற்க அனுமதி வாங்கினேன். என்ன நடந்தாலும் என் பொறுப்பு என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து. மேலே போட்டுக்கொள்ள ஒரு பளீர் நிற மேலங்கி. காலையில் ஒரு சிறு வகுப்பு: எங்கே நிற்கலாம், எங்கே கூடாது, வண்டி தடம் மாறினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும். டிராக்குக்கு முதுகு காட்டி ஒரு வினாடியும் நிற்கக் கூடாது என்று வகுப்பு எடுத்த மார்ஷல் அண்ணன், அதாவது டிராக் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவர், மூன்று முறை சொன்னார்.

மார்ஷல்கள் தன்னார்வலர்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஐடி வேலைக்காரர்கள், மெக்கானிக்குகள். ரேஸ் நடக்கும் நாட்களில் விடியற்காலையே வந்து, ஒவ்வொரு வளைவிலும் கொடியும் வாக்கி டாக்கியும் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை நிற்கிறார்கள். மஞ்சள் ஆடினால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புப் பட்டைகள் என்றால் தரையில் எண்ணெய் அல்லது ஈரம், வழுக்கும். நீலம், பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழிவிடு. சிவப்பு, ரேஸ் நிறுத்தம். கொடியைப் படிக்கத் தெரியாத போட்டோகிராஃபர் அங்கே நிற்கவே கூடாது என்பது என் எண்ணம். நான் வியூஃபைண்டரில் ஒரு கண்ணும், கொடி மேடையில் ஒரு கண்ணுமாகத்தான் நிற்கிறேன். காதும் வேலை செய்யும். வளைவுக்கு முன்னால் ஒவ்வொரு வண்டியும் கியரைக் குறைக்கும் சத்தத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கு தப்பினால் ஏதோ ஆகப்போகிறது என்று அர்த்தம்.

ஆகவும் செய்கிறது. 2023 ஜனவரியில் இதே டிராக்கில் ஓர் அனுபவசாலி கார் ஓட்டுநர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பைக் ரேஸில் பெங்களூரைச் சேர்ந்த பதிமூன்று வயதுப் பையன் கீழே விழுந்து இறந்துபோனான். பதிமூன்று வயது. நான் அன்று அங்கே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு டிராக் ஓரம் நின்ற முதல் நாள், சிறுவர்கள் தலைக்குப் பெரிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வரிசையாகப் போவதைப் பார்த்தபோது கேமராவைத் தூக்கக் கொஞ்ச நேரம் ஆனது. யாராவது விழுந்தால் நான் எடுப்பதில்லை. அது படமே இல்லை என்று சொல்லவில்லை. பத்திரிகைக்கு எடுக்கிறவர்கள் எடுக்கத்தான் வேண்டும், விசாரணைக்குக்கூட அது உதவும். நான் யாருக்கும் அனுப்பவேண்டியவன் இல்லை. அந்த நேரத்தில் விழுந்தவனின் வீட்டார் எங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால் என் கை தானாக இறங்கிவிடுகிறது.

வீட்டார் என்றதும் ஈரோட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அன்று புதியவர்கள் பிரிவு. ரேஸ் முடிந்து, நிழலுக்காக, அணிகள் வண்டிகளை நிறுத்தி வேலை பார்க்கும் பேடாக் பக்கம் போனேன். பெரிய கம்பெனி அணிகளுக்குக் கூடாரமும் மின்விசிறியும் இருக்கும். சொந்தக் காசில் வருகிறவர்கள் கோடியில், குட்டி யானையின் பின்கதவை இறக்கிவிட்டு, அதன் நிழலிலேயே வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒருவர், ஐம்பது வயதிருக்கும், கையில் கிரீஸோடு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நம்ம பையன் நம்பர் 63-ங்க. அவன் படம் ஏதாச்சும் கெடச்சுதுங்களா?"

கேமராவில் 400 படங்களுக்கு மேல் இருந்தன. அவருக்கு எதிரிலேயே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். முதலில் வந்தவன், இரண்டாவது, மூன்றாவது, மறுபடி முதலில் வந்தவன். 63 இல்லை. ஒன்றுகூட இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் பாதி பின்சக்கரம் மட்டும் இருந்தது, அதுவும் 63-ஆ 68-ஆ என்று தெரியவில்லை. "பரவாயில்லீங்க, அவன் பின்னாடிதான் வந்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி செயினைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

ஏன் இல்லை என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். முன்னணி வண்டிகள் கடந்ததும் நான் செய்தது என்ன? கேமராவை இறக்கி, பின்பக்கத் திரையைப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டு நிமிடம் ஆகும், அவசரம் இல்லையே என்று. அந்தப் பத்துப் பதினைந்து வினாடிக்குள்தான் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் என் முன்னால் கடந்து போகிறார்கள். மற்ற போட்டோகிராஃபர்களும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதை அடுத்த தடவை கவனித்தேன். பதினைந்தாவது பையன் வளைவுக்குள் முட்டி உரசிக்கொண்டு நுழையும்போது, ஓரத்தில் இருக்கும் நான்கு கேமராவும் கீழே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பையனும் அதே பெட்ரோலை ஊற்றி, அதே டயரைத் தேய்த்து, ராத்திரி முழுக்கச் சாலையில் வந்து, அதே கருந்தரையில் விழும் ஆபத்தோடுதான் ஓட்டுகிறான். பின்னால் வருகிறவனுக்கு எதிரே தெரியும் போட்டி இன்னும் நெருக்கம். பதினாறுக்கும் பதினேழுக்கும் நடக்கும் சண்டை, முதல் இடத்துக்கு நடக்கும் சண்டையைவிடப் பல நாட்களில் சூடாக இருக்கிறது.

அதிலிருந்து என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். தொடங்கும் பட்டியலை ஒரு சின்ன நோட்டில் எண்களாக எழுதிக்கொள்கிறேன். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நல்ல படம். கிடைத்ததும் டிக். கடைசி வண்டி கடக்கும் வரை திரையைப் பார்ப்பதில்லை. முதல் மூன்று இடங்களை எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், அவற்றை நான் விட்டாலும் நஷ்டமில்லை.

அடுத்த சுற்று செப்டம்பரில். சென்னைக்காரர்களுக்குத் தெரியும், அந்த மாதத்தில் பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் இடி இடித்து ஊற்றும். மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. 63 வளைவுக்குள் வந்தபோது மழை இன்னும் தொடங்கவில்லை, பின்னால் வானம் ஈயம் மாதிரி இருந்தது, வண்டியின் மேல் மட்டும் கடைசி வெயில். 1/80-ல் எடுத்தேன். ஹெல்மெட் தெளிவு, எண் தெளிவு, சக்கரம் சுழல்கிறது, பலகையெல்லாம் கோடு. அவன் பதினெட்டாவது.

அப்புறம் மழை. சிவப்புக் கொடி விழுந்து எல்லோரும் பேடாக்குக்கு ஓடினோம். நான் நேராகக் குட்டி யானைக்குப் போனேன். தார்ப்பாய்க்குக் கீழே நின்று கேமராத் திரையை அவரிடம் நீட்டினேன். நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "பாரு. இதத்தான நான் சொல்லிட்டிருந்தேன். பார்வ எங்க இருக்குது?" என்றார்.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஹெல்மெட் கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. முன்சக்கரத்துக்கு முன்னால் உள்ள தரையைப் பார்த்து ஓட்டுகிறான். வளைவில் நுழையும்போதே, வெளியே போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். தரையைப் பார்ப்பவன் பிரேக்கைச் சீக்கிரம் பிடிப்பான், ஆக்ஸிலேட்டரைத் தாமதமாகத் திறப்பான். அவர் வொர்க்‌ஷாப்பில் இருந்துகொண்டு இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பையன் ஒப்புக்கொண்டதில்லை, தான் நேராகத்தான் பார்க்கிறேன் என்றே நினைத்திருக்கிறான். படத்தைப் பார்த்தவன் ஒன்றும் பேசவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னான்.

மழை விட்டு ஈரத் தரையில் மிச்ச ரேஸ் நடந்தது. ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் தண்ணீர் ஒரு வெள்ளை வாலாக எழுந்தது. என்னிடம் உள்ள அழகான படங்கள் அந்த அரைமணி நேரத்தில் எடுத்தவைதான். ஆனால் நான் அடிக்கடி திறந்து பார்ப்பது வேறு இரண்டு படங்களை. ஒன்று மழைக்கு முந்தைய 63. இன்னொன்று அடுத்த முறை அதே வளைவில், அதே இடத்தில் நின்று எடுத்த 63. இரண்டாவதில் தாடை தோளை நோக்கித் திரும்பியிருக்கிறது, பார்வை வளைவைத் தாண்டி எங்கோ முன்னால் போகிறது. அன்று அவன் பதினொன்றாவது.

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது அப்பா பீரோவிலிருந்து உறையை எடுத்துவரச் சொன்னார். பதினோராவது படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது யாருப்பா, ஓட்டறது?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நம்பர்கூடக் கலைஞ்சு போயிருக்கு பாரு."

"அவருக்குக் காட்டணும்னு தோணலையா அப்போ?"

"கழுவி வர்றதுக்கே பதினஞ்சு நாள் ஆச்சு. எங்க போய்த் தேடறது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தேடியிருக்கலாம்" என்றார்.

அந்த மனிதர் உயிரோடு இருந்தால் அப்பா வயது இருக்கும். சோழவரத்தில் 1981-ல் யெஸ்டி ஓட்டியவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், கறுப்பு ஹெல்மெட், வலது தோளில் ஒரு வெள்ளைப் பட்டை, எனக்குச் சொல்லுங்கள். அவருடைய படம் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த சுற்றுக்கு அப்பாவையும் கூட்டிப்போகிறேன். பார்வையாளர் பகுதியில் நிழல் உள்ள இடம் பார்த்து வைத்திருக்கிறேன். கிராமத்துத் திருவிழாவுக்குப் போவது போல் இப்போதே தொப்பி வாங்கச் சொல்லிவிட்டார். நோட்டில் போன சுற்றின் எண்களில் மூன்றுக்கு இன்னும் டிக் விழவில்லை: 7, 29, 41. இதில் 41 ஒவ்வொரு தடவையும் என் வளைவுக்கு முன்னால் வண்டி பழுதாகி நின்றுவிடுகிறது. இந்த முறை ரேஸ் தொடங்கி வண்டிகள் டிராக்கை முதல் தடவை சுற்றும்போதே அவனைத்தான் எடுக்க வேண்டும்.